டெக்னாலஜின்னா என்ன? இதை தத்துவத்துல முதல்முறையா படிக்கப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

இன்ஜினியரிங் காலேஜ்ல எலெக்டிவ் பேப்பருக்கு அசைன்மென்ட் எழுதறவங்க, எம்ஏ தத்துவம் சேர்ந்திருக்கிறவங்க, வேலைக்குப் போய்க்கிட்டே சொந்த ஆர்வத்துல படிக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். "டெக்னாலஜின்னா என்ன"ன்னு கேட்டா நெட்ல நூறு பதில் வருது, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, எதை முதல்ல படிக்கணும்னு யாரும் சொல்றதில்ல. நான் வழி சொல்ல ஆள் இல்லாம தனியா படிச்சேன், புக்கு தேடறதுலயே பாதி காலம் போச்சு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினீங்கன்னா ரெண்டு மாசத்துல இது முடியும். செலவு கிட்டத்தட்ட இல்லாமலே முடிக்கலாம், எப்படின்னு ரெண்டாவது படியில சொல்றேன்.

1. புக்கைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு டேபிள் (அட்டவணை) போடுங்க

ஒரு நோட்டுல பத்துப் பன்னெண்டு விஷயம் எழுதிக்கோங்க. இது டெக்னாலஜியா இல்லையான்னு கேட்டா வீட்டுலயே சண்டை வர்ற மாதிரி விஷயமா இருக்கணும். லேப்டாப், ராக்கெட்னு எழுதினா பிரயோஜனம் இல்ல, எல்லாரும் ஆமான்னுட்டு போயிடுவாங்க. என்னோட லிஸ்ட் இது, வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க: ஆட்டுக்கல், தோசை மாவைப் புளிக்க வைக்கிற முறை, ஐஆர்8 நெல் விதை, பீவர்ங்கற விலங்கு ஆத்துல கட்டுற அணை, சிம்பன்சி கரையான் பிடிக்க இலையை உருவிட்டு புத்துக்குள்ள விடுற குச்சி (சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் 1960ல ஆப்பிரிக்காவுல கோம்பே காட்டுல பார்த்தது), ரோட்டுல இருக்கிற ஸ்பீட் பிரேக்கர், ரயில்வே டைம்டேபிள், பணம், எழுத்து, ட்ராயர்ல கிடக்கிற செத்துப்போன போன், பெருக்கல் வாய்ப்பாடு, ரேஷன் கடை கைரேகை மெஷின்.

இதெல்லாம் இடது பக்கம் வரிசையா இருக்கட்டும். இனிமே படிக்கிற ஒவ்வொரு வரையறைக்கும் பக்கத்துல ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு கட்டத்துலயும் "ஆமா", "இல்ல", "சந்தேகம்" இதுல ஒண்ணைப் போடணும், சந்தேகம்னு போட்டா ஒரு வரி காரணம் எழுதணும். இந்த டேபிள்தான் உங்க முக்கியமான டாக்குமெண்ட், கடைசியில கட்டுரை எழுதறப்போ பாதி வேலை இதுலயே முடிஞ்சிருக்கும். இதைப் போடாம படிச்சீங்கன்னா ஒவ்வொரு ஆளும் பேசறப்போ அவர் சொல்றது சரின்னுதான் தோணும், அடுத்தவர படிச்சா அவரும் சரின்னு தோணும், கடைசியில கையில ஒண்ணும் நிக்காது.

2. அக்கவுண்ட், பிடிஎஃப், செலவு

முதல் நாளே இதை முடிச்சுடுங்க, நடுவுல புக்கு கிடைக்கலன்னு நின்னா அப்புறம் திரும்ப உட்காரவே மாட்டோம்.

ஸ்டான்ஃபோர்ட் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலாசஃபியில "ஃபிலாசஃபி ஆஃப் டெக்னாலஜி"ன்னு ஒரு நீளமான கட்டுரை இருக்கு, 2009ல முதல்ல வந்தது, அப்பப்போ திருத்தறாங்க. அதைப் படிக்க காசு கிடையாது, அக்கவுண்ட் கூட வேண்டாம். பிடிஎஃப் வேணும்னாதான் சந்தா கேப்பாங்க, அது தேவையே இல்ல, பிரவுசர்லயே படிச்சுக்கலாம்.

ஜேஸ்டோர்ங்கற ஆய்வுக் கட்டுரை வெப்சைட்ல தனிநபர் அக்கவுண்ட் இலவசம், மாசத்துக்கு 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்க விடறாங்க, டவுன்லோடு மட்டும் கிடையாது. நமக்கு வேண்டிய ரெண்டு மூணு முக்கியமான பேப்பர் அங்கயே இருக்கு. இன்டர்நெட் ஆர்கைவ்ங்கற ஆன்லைன் லைப்ரரியில இலவச அக்கவுண்ட் எடுத்துட்டா பல புக்கை ஒரு மணி நேரக் கணக்குல கடன் வாங்கலாம், நேரம் முடிஞ்சா திரும்ப எடுத்துக்கலாம். கோர்ட் கேஸால நிறைய புக்கை அங்கேர்ந்து எடுத்துட்டாங்க, அதனால ஒரு புக்கு இன்னிக்கு இருக்குன்னா இன்னிக்கே குறிப்பு எடுத்துடுங்க.

அரசு காலேஜ், அரசு யுனிவர்சிட்டியில படிக்கிறவங்க லைப்ரேரியன்கிட்ட போய் மத்திய அரசோட ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டத்துக்கு லாகின் கேளுங்க. 2025 ஜனவரியிலேர்ந்து நடக்குது, 30 பெரிய பதிப்பகங்களோட ஜர்னல்கள் அதுல வருது. நிறைய பேருக்கு இது இருக்கிறதே தெரியல, பேப்பர் ஒண்ணுக்கு முப்பது நாப்பது டாலர்னு ஸ்க்ரீன்ல காட்டறதைப் பார்த்துட்டு மூடிட்டுப் போயிடறாங்க. முதல் கட்டமா அரசு நடத்துற நிறுவனங்களுக்குத்தான் கொடுத்திருக்காங்க, தனியார் காலேஜ் பசங்க தெரிஞ்ச அரசு காலேஜ் ஃபிரெண்டு கூட உட்கார்ந்து படிக்கிறதுதான் வழி. சென்னையில கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம் ரெண்டுலயும் உட்கார்ந்து படிக்க காசு இல்ல, போறதுக்கு முன்னாடி கேட்டலாக்ல புக்கு இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க.

காசு கொடுத்து வாங்கறதா இருந்தா ஒரே ஒரு புக்கு போதும், வால் டூசெக் எழுதின "ஃபிலாசஃபி ஆஃப் டெக்னாலஜி: ஆன் இன்ட்ரொடக்ஷன்" (2006). செகண்ட் ஹேண்ட் கிடைச்சா தயங்காதீங்க. தொகுப்பு நூல்களை இப்போ வாங்க வேண்டாம், விலையும் ஜாஸ்தி, அதுல பாதிக்கு மேல முதல் வருஷம் தேவைப்படாது.

3. முதல் ரெண்டு வாரம்: டூசெக்கோட ரெண்டாவது அத்தியாயம்

முதல் அத்தியாயத்தை தாண்டிட்டு நேரா ரெண்டாவதுக்கு வாங்க. வரையறைங்கறதே எத்தனை விதம், ஒரு வரையறை ரொம்ப அகலமாப் போறதும் ரொம்பக் குறுகலாப் போறதும் எப்படின்னு முதல்ல சொல்லிட்டு, டெக்னாலஜிய மூணு விதமா பிரிப்பார்.

ஒண்ணு, டெக்னாலஜின்னா பொருள்: கருவி, மெஷின், இரும்பு. இதை டேபிள்ல ஓட்டிப் பாருங்க. ஆட்டுக்கல் ஆமா, ட்ராயர்ல கிடக்கிற போன் கூட ஆமா, ஆனா மாவு புளிக்க வைக்கிற முறைக்கு இடமே இல்ல. பாத்திரம் டெக்னாலஜி, ஆனா எவ்வளவு உளுந்து, எத்தனை மணி நேரம், குளிர்காலத்துல என்ன பண்ணணும்ங்கற அறிவு டெக்னாலஜி இல்லன்னு ஆயிடும்.

ரெண்டு, டெக்னாலஜின்னா விதிமுறை. பிரெஞ்சு சிந்தனையாளர் ழாக் எலுல் 1954ல பிரெஞ்சுல எழுதினதுல இது பெரிசா வருது, மனுஷன் செய்யற எல்லாத் துறையிலயும் பகுத்தறிவால கண்டுபிடிச்சு முழுத் திறனை நோக்கிப் போற முறைகளோட மொத்தத்தைத்தான் அவர் சொல்றார். இப்போ டைம்டேபிளும் வாய்ப்பாடும் உள்ள வந்துடும். ஆனா எலுல் படி பார்த்தா ஆபீஸ் நிர்வாகம், விளம்பரம், ஸ்போர்ட்ஸ் ட்ரெய்னிங் எல்லாமே உள்ள வரும், அப்போ வெளியே எது நிக்குதுன்னு ஒரு கேள்வி வருது பாருங்க, அதை எழுதி வைங்க.

மூணு, டெக்னாலஜின்னா ஒரு சிஸ்டம். பொருள், அதை இயக்கத் தெரிஞ்ச ஆளுங்க, ரிப்பேர் பண்றவங்க, அமைப்பு, எல்லாம் சேர்ந்தது. செத்துப்போன போன் இப்போ வெளியே போயிடும், இயக்கற சிஸ்டத்துல அது இல்ல.

இதோட சேர்த்து "டெக்னாலஜின்னா அப்ளைடு சயின்ஸ்"ங்கற பேச்சும் வரும். மரியோ புங்கேங்கற தத்துவவாதி 1966ல டெக்னாலஜி அண்ட் கல்ச்சர் ஜர்னல்ல அந்தத் தலைப்புலயே கட்டுரை எழுதினார், ஜேஸ்டோர்ல இருக்கு. நம்ம பாடப்புத்தகம் எல்லாம் இதைத்தான் சொல்லுது, அதனால இதுதான் புதுசா வர்றவங்க விழற முதல் குழி. நியூகாமன் நீராவி இன்ஜின் 1712ல ஓடுது, கார்னோ தெர்மோடைனமிக்ஸுக்கு அடிப்படை போட்டது 1824ல. தென்னிந்தியாவுல உருக்கின ஊட்ஸ் எஃகு ஐரோப்பா வரைக்கும் போயிட்டு இருந்தது, மைக்கேல் ஃபாரடே அதை லேப்ல வச்சு ஆராய்ஞ்சு எழுதினது 1819ல. உருக்கினவங்களுக்கு கார்பன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. சயின்ஸ் வந்த பிறகுதான் டெக்னாலஜின்னா இவங்க கையில இருந்தது என்னன்னு சொல்லணும்? புங்கேக்காரங்க அதுக்கு வேற பேர் வச்சுப்பாங்க, டெக்னிக்குன்னு, ஆனா அப்படி பேர் பிரிக்கறப்போ யார் கீழ போறாங்கன்னு கவனிங்க.

4. மூணாவது வாரம்: க்ளைன், மிட்சம்

ஸ்டீபன் க்ளைன் ஸ்டான்ஃபோர்ட்ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர். 1985ல "வாட் இஸ் டெக்னாலஜி"ன்னு ரொம்பச் சின்னதா ஒரு பேப்பர் எழுதினார், ஒரே உட்கார்ல படிச்சுடலாம். ஜனங்க டெக்னாலஜின்னு சொல்றப்போ நாலு விஷயத்துல ஏதோ ஒண்ணைச் சொல்றாங்கங்கறார்: செஞ்ச பொருள், அதைச் செய்யற மொத்த ஏற்பாடு, செய்யற அறிவும் முறையும், கடைசியா அதைப் பயன்படுத்தற மொத்த ஏற்பாடு. கார்னா கார் மட்டும் இல்ல, ஃபேக்டரி, டிசைன் தெரிஞ்சவங்க, அப்புறம் ரோடு, லைசன்ஸ், பெட்ரோல் பங்க், மெக்கானிக் எல்லாம். ரெண்டு பேர் டெக்னாலஜி நல்லதா கெட்டதான்னு சண்டை போடறப்போ பெரும்பாலும் ஒருத்தர் முதலாவதையும் இன்னொருத்தர் நாலாவதையும் பேசிட்டு இருப்பாங்க.

கார்ல் மிட்சம்ங்கற அமெரிக்க தத்துவவாதி 1994ல இதே மாதிரி ஒரு நாலைச் சொன்னார்: பொருள், அறிவு, செயல், விருப்பம். அந்த நாலாவது, விருப்பம், க்ளைன்கிட்ட இல்லாதது. எதுக்காக வேணும்னு ஆசைப்படறோம்ங்கறதும் டெக்னாலஜியோட பகுதிங்கறார். புக்கு பெரிசு, இப்போ முழுசா வேண்டாம், அந்த நாலையும் விளக்கற பகுதி போதும். பீவர், சிம்பன்சி வரிசைக்கு இது வந்ததும் திரும்பப் போய் மார்க்கை மாத்துவீங்க, மாத்தறப்போ பழசை அழிக்காம பக்கத்துல தேதி போட்டு எழுதுங்க.

5. நாலாவது வாரம் பாதி: அரிஸ்டாட்டில், ரெண்டே பகுதி

பயப்பட வேண்டாம். நிகோமேகியன் எதிக்ஸ் ஆறாவது புத்தகம் நாலாவது அத்தியாயம், ஃபிசிக்ஸ் ரெண்டாவது புத்தகம் முதல் அத்தியாயம், அவ்வளவுதான். ரெண்டுக்கும் பழைய இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இலவசமா கிடைக்குது. ஃபிசிக்ஸ்ல ஒரு உதாரணம் வரும்: கட்டிலை மண்ணுல புதைச்சு அது முளைச்சா கட்டில் முளைக்காது, மரம்தான் முளைக்கும். இயற்கைக்குள்ளயே தன்னை வளர்க்கற காரணம் இருக்கு, செஞ்ச பொருளுக்கு அது வெளியே, செஞ்சவன்கிட்ட இருக்கு. இப்போ ஐஆர்8 வரிசைக்குப் போங்க. 1966ல பிலிப்பைன்ஸ்ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பீட்டா, டீ-ஜியோ-வூ-ஜென் ரெண்டையும் கலந்து எடுத்து வெளியிட்ட ரகம், மனுஷன் செஞ்சது, ஆனா புதைச்சா அதேதான் முளைக்குது. இந்த ஒரு கட்டத்துக்காகவே ஒரு சாயங்காலம் ஒதுக்கலாம்.

6. அடுத்த ரெண்டு வாரம்: ஹைடெக்கர்

மார்ட்டின் ஹைடெக்கர் ஜெர்மன் தத்துவவாதி. எல்லாரும் இங்கதான் நின்னுடறாங்க, அதனாலதான் இவரை நடுவுல வச்சேன். "டெக்னாலஜி பத்தின கேள்வி"ங்கற உரை 1953ல மூனிக்ல பேசினது, அடுத்த வருஷம் அச்சுல வந்தது. இங்கிலீஷ்ல வில்லியம் லவிட் 1977ல மொழிபெயர்த்ததுதான் எல்லாரும் மேற்கோள் காட்டறது, முப்பத்தஞ்சு பக்கத்துக்குள்ளதான். நெட்ல சுத்தற பாதி ஸ்கேன்ல அடிக்குறிப்பு இருக்காது, அடிக்குறிப்பு இருக்கிற காப்பியா பார்த்து எடுங்க, லவிட்டோட விளக்கம் இல்லாம முதல் தடவை தாண்டறது கஷ்டம்.

ஒரே மூச்சுல படிக்காதீங்க, நாலு துண்டா வெட்டுங்க. முதல் துண்டு, டெக்னாலஜி ஒரு கருவி, மனுஷன் செய்யற வேலைங்கற பொது வரையறையை எடுத்து, இது சரியானதுதான் ஆனா இன்னும் உண்மைக்கு வந்து சேரலன்னு சொல்ற இடம். இந்த ஒரு நகர்வு புரிஞ்சா போதும், மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான். ரெண்டாவது துண்டு, வெள்ளிக் கிண்ணமும் நாலு காரணங்களும் (எதால ஆனது, என்ன வடிவம், எதுக்காக, யார் செஞ்சது), இங்க முன்னாடி படிச்ச அரிஸ்டாட்டில் கை கொடுப்பார். செய்யறதுன்னா மறைஞ்சிருக்கிறதை வெளிய கொண்டு வர்றதுங்கறார். மூணாவது துண்டுதான் முக்கியம், ரைன் நதியில மின் நிலையம். பழைய மரப்பாலம் ஆத்து மேல கட்டினது, இப்போ ஆறே மின் நிலையத்துக்குள்ள கட்டப்பட்டிருக்கு, தண்ணி அழுத்தம் கொடுக்கற சரக்காத்தான் அது கண்ணுக்குத் தெரியுது. காட்டுல வேலை பார்க்கற ஆளும் அவங்க தாத்தா நடந்த அதே வழியிலதான் நடக்கறார், ஆனா மரக் கம்பெனி, காகிதம், பத்திரிகைன்னு ஒரு சங்கிலி அவரையும் சரக்காக்கிடுது. இப்படி எல்லாத்தையும் கையிருப்பா பார்க்க வைக்கிற அந்தப் போக்குக்கு கெ-ஷ்டெல்னு பேர் வைக்கிறார், அது ஒரு மெஷின் இல்ல, மெஷினுக்குள்ள தேடினாலும் கிடைக்காது. நாலாவது துண்டு ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினோட கவிதையும் கலையும், முதல் தடவை லேசா பார்த்துட்டு விடுங்க.

எச்சரிக்கை ரெண்டு. ஹைடெக்கர் 1933ல நாஜி கட்சியில சேர்ந்தவர், அதே வருஷம் ஃப்ரைபுர்க் யுனிவர்சிட்டி ரெக்டர் ஆனவர். 1949ல இதே விஷயம் பத்தி பேசின பிரெமன் உரையில மெஷின் விவசாயத்தையும் விஷவாயு அறைகளையும் சாராம்சத்துல ஒண்ணுன்னு சொன்னார். இதை மறைச்சுட்டு அவரை எழுதறது தப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன், அவரோட வரையறையில எல்லாமே ஒரே நிறமா ஆகறதுக்கும் அந்த வாக்கியத்துக்கும் தொடர்பு இருக்கு. இன்னொண்ணு, டேபிள்ல இவருக்கு "ஆமா, இல்ல" போட வராது, எந்தப் பொருள் டெக்னாலஜிங்கற கேள்வியே அவருக்கு இல்ல. அவரோட நெடுவரிசையில "வேற கேள்வி"ன்னு எழுதிட்டு, அந்தப் பொருள் உலகத்தை நமக்கு எப்படிக் காட்டுதுன்னு ஒரு வரி எழுதுங்க. ஸ்பீட் பிரேக்கருக்கு எழுதிப் பாருங்க, நல்லா வரும்.

7. ஏழாவது வாரம்: ஃபீன்பர்க்கோட நாலு கட்டம்

டெக்னாலஜி பத்தி எழுதற தத்துவவாதி ஆண்ட்ரூ ஃபீன்பர்க் 2003ல டோக்கியோ கொமாபாவுல பேசின ஒரு உரை இலவசமா கிடைக்குது, எளிமையான இங்கிலீஷ். அவர் போடற கட்டம் ரெண்டு கேள்வியில நிக்குது. டெக்னாலஜி நடுநிலையா, இல்ல அதுக்குள்ளயே மதிப்பு இருக்கா? அது தானாப் போகுதா, மனுஷன் கட்டுப்பாட்டுல இருக்கா? நடுநிலை, கட்டுப்பாட்டுல இருக்குன்னா கருவிவாதம், "கத்தி நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல"ன்னு பேசறவங்க. நடுநிலை ஆனா தானாப் போகுதுன்னா நிர்ணயவாதம். மதிப்பு இருக்கு, தானாவும் போகுதுன்னா அங்க எலுலும் ஹைடெக்கரும். மதிப்பு இருக்கு, ஆனா மாத்தலாம்னா அது ஃபீன்பர்க் நிக்கிற இடம். இதுவரைக்கும் படிச்ச எல்லாரையும் இதுல உட்கார வைங்க, புங்கே எங்கன்னு யோசிச்சா கொஞ்சம் நேரம் எடுக்கும்.

8. எட்டாவது வாரம்: வின்னர், ஃப்ராங்க்ளின்

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் லாங்டன் வின்னர் 1980ல டெடலஸ் இதழ்ல எழுதின "பொருள்களுக்கு அரசியல் உண்டா" கட்டுரை ஜேஸ்டோர்ல இருக்கு. இதுல ஒரு பெரிய பொறி. எல்லாரும் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்ட் பாலம் கதையை எடுத்து எழுதுவாங்க, பஸ்ல வர்ற ஏழைங்களும் கறுப்பினத்தவங்களும் அந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு, பஸ் போக முடியாத மாதிரி ராபர்ட் மோசஸ்ங்கற நகரத் திட்ட அதிகாரி பாலத்தைத் தாழ்வா கட்டினார்ங்கறது. அந்தக் கதையோட ஆதாரத்தை பெர்ன்வார்ட் யோர்கெஸ் 1999ல கடுமையா கேள்வி கேட்டாச்சு, நீங்க அதை உண்மையா எழுதினா வாசிக்கிற பேராசிரியர் அங்கயே சிவப்பு மை எடுப்பார். அதே கட்டுரையில இருக்கிற தக்காளி அறுவடை மெஷினை எடுங்க. கலிபோர்னியா யுனிவர்சிட்டி ஆராய்ச்சியில வந்தது, 1960கள் ஆரம்பத்துல சுமார் 4,000 பேர் தக்காளி போட்டாங்க, 1973ல சுமார் 600 பேர்தான் மிச்சம்னு வின்னர் எழுதறார். யாரும் சின்ன விவசாயிய ஒழிக்கணும்னு திட்டம் போடல, ஆனா அந்த மெஷினோட விலையும் அளவும் யாருக்குப் பொருந்தும்ங்கறது முன்னாடியே முடிவாகிடுச்சு.

அப்புறம் உர்சுலா ஃப்ராங்க்ளின். டொராண்டோ யுனிவர்சிட்டியில உலோகவியல் பேராசிரியை, 1989ல கனடா சிபிசி ரேடியோவுல மேஸி உரைகள்ங்கற உரைத்தொடரை நிகழ்த்தினாங்க. ஆடியோ இலவசம், பஸ்ல போறப்போ கேக்கலாம். டெக்னாலஜின்னா பொருள் இல்ல, ஒரு வேலையைச் செய்யற நடைமுறைங்கறாங்க. மண்பானை செய்யறவங்க ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் தானே முடிவெடுக்கறது ஒரு விதம், பழைய சீனாவுல பெரிய வெண்கலப் பாத்திரம் வார்த்தப்போ வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொருத்தரும் சொன்னதை மட்டும் செய்யறது இன்னொரு விதம். ரெண்டாவது விதம் பொருளை மட்டும் செய்யல, சொன்னதைக் கேக்கற ஜனங்களையும் செய்யுதுங்கறது அவங்க வாதம்.

இப்போ டேபிள்ல கடைசி வரிசை, ரேஷன் கடை மெஷின். காலமெல்லாம் கல்லு, சிமெண்ட்ல வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு ரேகை தேஞ்சு போயிருக்கு, விரலை வச்சா எடுக்கல. பொருள்ங்கற வரையறைப்படி மெஷின் நல்லா வேலை செய்யுது, குறை அந்த அம்மா விரல்லதான். விதிமுறைங்கற வரையறைப்படி விதி சரியாத்தான் நடந்தது. சிஸ்டம்னு பார்த்தாதான் விரல் தேஞ்சவங்களுக்கு மாத்து வழி, கடைக்காரருக்கு அதைச் செய்ய அதிகாரம், நெட்வொர்க், எல்லாம் டெக்னாலஜிக்குள்ள வருது, அப்போதான் குறை டெக்னாலஜியோடதுன்னு சொல்ல முடியுது. ஃப்ராங்க்ளின் படி பார்த்தா அந்த வரிசையில எத்தனை தடவை திரும்பி வரச் சொல்றாங்கங்கறதும் உள்ள வரும். நான் சிஸ்டம், நடைமுறைன்னு சொல்றவங்க பக்கம் நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். ஒரு வரையறை யாரை வெளிய தள்ளுதுன்னு பார்க்காம அதை ஒத்துக்க எனக்கு மனசு வராது. நீங்க வேற பக்கம் நிக்கலாம், ஆனா இந்த வரிசையை நிரப்பாம நிக்காதீங்க.

9. கட்டுரை எழுதறப்போ

டிக்ஷனரி வரையறைல ஆரம்பிக்காதீங்க. நீங்க எந்தக் கேள்விக்காக வரையறை தேடறீங்கன்னு முதல் பத்தியில சொல்லிடுங்க. பேட்டன்ட் கேள்வின்னா ஒரு விதம் வேணும்: உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ்ங்கற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 27(1) "எல்லா டெக்னாலஜி துறைகளிலும்" பேட்டன்ட் தரணும்னு சொல்லுது, ஆனா டெக்னாலஜின்னா என்னன்னு வரையறுக்கல. நம்ம பேட்டன்ட் சட்டம் 3(k) அல்காரிதத்தையும் வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமையும் வெளிய வைக்குது, 3(j) விதையை வெளிய வைக்குது. டேபிள்ல வாய்ப்பாடு, ஐஆர்8 ரெண்டுக்கும் இதை ஒரு தனி நெடுவரிசையா போட்டா ஆசிரியர் கண்டிப்பா கவனிப்பார்.

வரையறை எல்லாத்தையும் வரிசையா சொல்லிட்டுப் போற கட்டுரைக்கு மார்க் வராது. ரெண்டே ரெண்டு எடுங்க, டேபிள்லேர்ந்து மூணு வரிசை எடுங்க, எங்க ரெண்டும் பிரியுதுன்னு காட்டுங்க, ரெண்டாயிரம் வார்த்தைக்கு அது தாராளம். ஏஐ சாட்ல கேட்டு எடுத்த மேற்கோளைப் பக்க எண்ணோட அப்படியே போடாதீங்க, ஹைடெக்கர் சொல்லாத வாக்கியமெல்லாம் அதுல அழகா வரும், மூலத்துல கண்ணால பார்த்த வரியை மட்டும் எழுதுங்க. எழுதறதுக்கு தனியா பத்து நாள் வைங்க, படிக்கிற எட்டு வாரத்துக்குள்ள அதைத் திணிக்காதீங்க.

டெக்னாலஜி தத்துவத்துல அடிக்கடி அடிபடற டான் ஐடீ, ஆல்பர்ட் போர்க்மன், சிமொண்டொன், யூக் ஹுய் எல்லாம் எங்கன்னு கேப்பீங்க. இவங்க எல்லாரையும் படிக்க மேல சொன்னது தெரிஞ்சிருக்கணும், குறிப்பா யூக் ஹுய் 2016ல சீனாவை வச்சு எழுதின புக்கு ஹைடெக்கர் இல்லாம ஒரு பக்கம் நகராது. ஐடீயோட 1990 புக்குல மூக்குக் கண்ணாடி, தெர்மாமீட்டர் உதாரணம் வர்ற பகுதிய மட்டும் முதல்ல எடுங்க, மீதிக்கு இன்னொரு ரெண்டு மாசம் தனியா வேணும்.